மரத்த கையும் மில்லிவினாடிக் கணக்கும்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 20 வயதைக் கடந்தவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு தெரிவிக்கிறது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடுதான், கோவா மட்டுமே 26.4 என்று மயிரிழையில் முந்தி நிற்கிறது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், காரைக்கால் மாவட்டம் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த அம்பகரத்தூரில் ஒருவர் கை மரத்துப்போகிறது என்று சொன்ன மாத்திரத்தில், கேட்பவர் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று திருப்பிக் கேட்பதில் வியப்பில்லை. நாட்பட்ட நீரிழிவு நரம்புகளைக் கெடுக்கும் என்பதும் உண்மையே. ஆனால் மரத்துப்போகும் கையெல்லாம் சர்க்கரையால் மரத்த கை அன்று. சர்க்கரை உள்ளவரின் கையே வேறொரு காரணத்தால், அதுவும் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணத்தால் மரத்துப்போகலாம். இரண்டையும் பிரித்துக் காட்டவல்ல சோதனை ஒன்று இருந்தும், சர்க்கரை மாத்திரை, சத்து ஊசி, கழுத்துப் பட்டை எல்லாம் முடிந்த பிறகே பலரும் அதற்கு வந்து சேர்கிறார்கள் என்பதுதான் குறை.

அந்த வேறு காரணங்களில் மிகப் பரவலானது, மருத்துவர்கள் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று குறிப்பிடும் மணிக்கட்டுச் சுரங்க நோய். மணிக்கட்டின் உள்பக்கத்தில் சிறு எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு பள்ளத்தை உண்டாக்க, அதன் குறுக்கே தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரையாக ஓடுகிறது; இடையிலுள்ள குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் நரம்பு எனப்படும் நடு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளங்கைக்குள் நுழைகின்றன. எலும்பும் நார்ப்பட்டையும் விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே உள்ளே சிறிது வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். 1981இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்டு கெல்பர்மனும் அவருடைய குழுவினரும் மெல்லிய குழாயைச் செலுத்தி இந்த வழியிலுள்ள அழுத்தத்தை அளந்தபோது, நோயற்றவர்களுக்குச் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவே இருந்தது. நோயாளிகளுக்கோ 32 இருந்தது. அதே நோயாளிகள் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கியபோது 94ஆகவும், புறங்கைப் பக்கம் வளைத்தபோது 110ஆகவும் அது ஏறியது. இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகு இது என்பதை நினைவில் கொண்டால், தூக்கத்தில் கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துக்கொள்பவர் நள்ளிரவில் விறுவிறுப்புடன் விழித்து, கையை உதறிய பிறகே மீண்டும் கண்ணயர்வது ஏன் என்பது விளங்கும்.

மரப்பு எந்த விரல்களில் தோன்றுகிறது என்பதிலேயே பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகியவற்றுக்கு உணர்வைத் தருவது நடு நரம்பு. மோதிர விரலின் மறுபாதிக்கும் சுண்டு விரலுக்கும் உணர்வைத் தருவது, முழங்கையின் உட்புறத்தைச் சுற்றி வந்து, மேற்சொன்ன கூரைக்கு வெளியே தனி வழியில் செல்லும் அல்நார் நரம்பு. நோயாளிகள் பலர் கை முழுவதும் மரத்துப்போவதாகவே சொல்வார்கள். அடுத்த முறை மரக்கும்போது சுண்டு விரலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லி அனுப்பினால், அது தப்பியிருப்பது தெரியவரும். நோய் முற்றும்போது கட்டை விரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றி, பித்தான் போடுவதும் பூத்தொடுப்பதும் தடுமாறுகின்றன.

ஆண்களைவிடப் பெண்களையும், குறிப்பாக 40 முதல் 60 வயதுக்கு இடைப்பட்டவர்களையும் இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, உடற்பருமன், முடக்குவாதம், கர்ப்பம், மணிக்கட்டு எலும்பு முறிவு ஆகியவை அதற்கு வழிவிடுகின்றன. கைவேலையின் பங்கும் உண்டு: விசையோடு இறுகப் பிடிப்பது, அதை ஓயாமல் செய்வது, அதிரும் கருவியைக் கையாள்வது ஆகிய மூன்றும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. காவிரிக் கடைமடையில் நாற்றுப் பறித்து முடி கட்டுவதும், சம்பா அறுவடைக்குப் பின் வயலில் விளைந்த உளுந்துச் செடியைக் கையால் பிடுங்குவதும், பவர் டில்லரின் அதிரும் கைப்பிடியைப் பொழுதெல்லாம் பற்றியிருப்பதும் அந்த வகையைச் சேர்ந்த வேலைகளே. நகரங்களில் கணினித் தட்டச்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் இருக்கிறது. அதற்குள்ள சான்றைவிட அரிவாள் பிடிக்கும் வேலைக்குள்ள சான்று வலுவானது.

இந்நோயை மருத்துவ உலகம் அடையாளம் கண்ட கதை நேர்வழியில் சென்றதன்று. மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் பின் நடு நரம்பு நசுங்குவதை ஜேம்ஸ் பேஜட் 1854இல் லண்டனில் விவரித்தார். இரவில் கை மரத்து விழிக்கும் 37 நோயாளிகளைப் பற்றி பாஸ்டன் நகரத்து ஜேம்ஸ் புட்னம் 1880இல் எழுதினார். ஆனால் இரண்டும் ஒரே இடத்துக் கோளாறு என்று எவருக்கும் தோன்றவில்லை. 1913இல் பாரீசில் பியேர் மரியும் சார்ல் ஃபுவாவும், கட்டை விரல் சதை வற்றிய முதியவர் ஒருவரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்து, நார்ப்பட்டைக்குச் சற்று மேலே நரம்பு முடிச்சுப் போலத் தடித்திருந்ததைக் கண்டதோடு, அப்பட்டையை வெட்டிவிட்டால் பயன் விளையலாம் என்றும் எழுதிவைத்தனர். காரைக்கால் அப்போது பாரீசின் ஆட்சியில்தான் இருந்தது என்றாலும், அந்தக் கருத்தைப் பாரீசே பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. அக்கால மருத்துவர்கள் கோளாறைக் கழுத்தில் தேடினார்கள். கழுத்தடி விலா எலும்பு நரம்பை அழுத்துகிறது என்று கருதி அதை அறுத்தும் பார்த்தார்கள். 1947இல் ரஸ்ஸல் பிரெய்னும் அவருடைய துணைவர்களும் ஆறு நோயாளிகளுக்கு மணிக்கட்டில் அறுவை செய்து குணங்கண்ட செய்தியை வெளியிட்ட பின்னரும், 1950களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபேலன் தொடர்ந்து எழுதிய பின்னருமே பார்வை கழுத்திலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. இன்றும் எக்ஸ்ரேயில் தெரியும் கழுத்து எலும்புத் தேய்மானத்தின் மீது கைமரப்பு முழுவதையும் சுமத்திவிடும் வழக்கம் நம்மிடையே தொடர்வதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய பிழைக்கு ஆயுள் கெட்டி என்றே சொல்ல வேண்டும். நடுவயதைக் கடந்தவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமற்போவதுதான் அரிது.

நோய் மணிக்கட்டில்தான் என்பதற்கு உயிருள்ள கையிலேயே சான்று காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் சிம்சன். நடு நரம்பில் செலுத்திய மின்துடிப்பு மணிக்கட்டைக் கடந்து கட்டை விரல் சதையை எட்டுவதற்கு இந்நோயாளிகளிடம் கூடுதல் நேரம் ஆகிறது என்பதை அவர் 1956இல் காட்டினார். 1958இல் ரோஜர் கில்லியட்டும் தாமஸ் சியர்ஸும் உணர்வு நரம்புகளிலும் அவ்வாறே அளக்கலாம் என்று நிறுவினர். இவற்றுக்கெல்லாம் அடித்தளம் நூறாண்டுக்கு முன்பே இடப்பட்டிருந்தது. நரம்பின் வேகத்தை மனிதரால் அளக்கவே முடியாது என்று உடலியங்கியல் அறிஞர் யோஹனஸ் முல்லர் கருதியிருக்க, அவருடைய மாணவரான ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அதை அளந்து, வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று சொல்லிவிட்டார்.

மனிதக் கையில் அந்த வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். இந்த விரைவுக்குக் காரணம் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறை. உறைக்கு இடையே விட்டுவிட்டு அமைந்துள்ள திறந்த கணுக்களில் மட்டும் மின்துடிப்பு தோன்றி, ஒரு கணுவிலிருந்து மறு கணுவுக்குத் தாவிச் செல்கிறது. நரம்பு நசுங்கும்போது முதலில் சிதைவது இந்த உறை. அதனால் நசுங்கிய இடத்தில் துடிப்பு தாமதமாகிறது. நசுக்கம் நீடித்தால் உள்ளிருக்கும் இழையே மடிகிறது. அப்போது வந்து சேரும் துடிப்பின் உயரம் குறைகிறது. தாமதம் என்றால் உறைச் சேதம், உயரக் குறைவு என்றால் பெரும்பாலும் இழைச் சேதம் என்ற இந்த ஒரு விதியை அறிந்துகொண்டால் சோதனை அறிக்கையின் பெரும்பகுதி புரிந்துவிடும். முன்னது திரும்பக்கூடியது, பின்னது திரும்புவது கடினம் என்பதால் இந்த வேறுபாடு வெறும் ஏட்டு விவகாரம் அன்று.

நரம்புக் கடத்தல் சோதனை, அல்லது மக்கள் வழக்கில் 'கரண்ட் வைத்துப் பார்ப்பது', பெயரைக் கேட்டு அஞ்சும் அளவுக்கு இல்லை. நோயாளி கட்டிலில் படுத்தோ நாற்காலியில் அமர்ந்தோ கையை நீட்டியிருக்க, கட்டை விரல் சதைமேட்டின் மீது சிறிய உலோகத் தகடுகளைப் பசைநாடாவால் ஒட்டுகிறார்கள். விரல்களில் மோதிரம் போன்ற கம்பி வளையங்களை மாட்டுகிறார்கள். புறங்கையில் எர்த் தகடு ஒன்றும் வைக்கப்படுகிறது. பிறகு இரண்டு முனைகள் கொண்ட கைக்கருவியை மணிக்கட்டில் அழுத்தி, ஒரு வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் மின்துடிப்பைச் செலுத்துகிறார்கள். சுண்டியது போன்ற ஓர் உணர்வும், கட்டை விரல் தானாகத் துள்ளுவதும், திரையில் மலைமுகடு போன்ற ஒரு கோடு எழுவதும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. கோடு இனி உயராது என்ற நிலை வரும்வரை மின்னளவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். நரம்பின் எல்லா இழைகளும் தூண்டப்பட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அதே துடிப்பை முழங்கையிலும் கொடுத்து, இரு இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளந்து, நேர வேறுபாட்டால் வகுத்தால் முன்கையில் நரம்பின் வேகம் கிடைக்கும். மணிக்கட்டிலிருந்து கட்டை விரல் சதைக்குத் துடிப்பு செல்ல 4.2 முதல் 4.4 மில்லிவினாடிக்கு மேல் ஆனால், பல ஆய்வகங்களில் அது தாமதமாகக் கொள்ளப்படுகிறது. மில்லிவினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆனால் நீரிழிவு மிகுந்த ஊருக்கு இந்த ஒற்றை எண் போதாது. நீரிழிவால் நலிந்த நரம்பும் மெதுவாகத்தான் கடத்தும்; நசுங்கிய நரம்பும் மெதுவாகத்தான் கடத்தும். இங்கேதான் மோதிர விரல் உதவிக்கு வருகிறது. அந்த விரலுக்கு நடு நரம்பு, அல்நார் நரம்பு இரண்டிலிருந்தும் இழைகள் வருவதால், விரலில் வளையத்தை மாட்டி, அதிலிருந்து சம தூரத்தில், வழக்கமாக 14 சென்டிமீட்டரில், இரு நரம்புகளையும் தனித்தனியே தூண்டி நேரத்தை ஒப்பிடலாம். ஒரே ஆற்றிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்களில் ஒன்றில் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வந்தால் அந்த வாய்க்காலின் மதகில்தான் அடைப்பு என்றும், இரண்டிலும் பிந்தினால் ஆற்றிலேயே வரத்து குறைவு என்றும் காரைக்கால் விவசாயி சொல்லிவிடுவார். சோதனையின் தர்க்கமும் அதுவே. எடுத்துக்காட்டாக, அல்நார் நரம்பு வழியே 3.0 மில்லிவினாடியில் வந்த துடிப்பு நடு நரம்பு வழியே 3.9 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், வேறுபாடு 0.9, ஏறத்தாழ 0.4 என்னும் வரம்பை அது வெகுவாகத் தாண்டுவதால் நடு நரம்பு மணிக்கட்டில் சிக்கியிருக்கிறது என்று துணியலாம். இரண்டும் 3.7, 3.8 என்று சேர்ந்தே பிந்தினால் மணிக்கட்டின் மீது பழி போடுவதற்கில்லை; நரம்புகள் பொதுவாக நலிந்திருக்கின்றன என்று கொண்டு, கால் நரம்புகளையும் சோதித்துப் பார்ப்பார்கள். கட்டை விரலில் நடு நரம்பையும் ரேடியல் நரம்பையும் ஒப்பிடுவது, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள எட்டு சென்டிமீட்டரில் இரு நரம்புகளை ஒப்பிடுவது ஆகிய வேறு இரண்டு ஒப்பீடுகளும் உண்டு. மூன்று வேறுபாடுகளையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்க்கும் முறையை அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் ராபின்சன் 1998இல் முன்வைத்தார். நீரிழிவு உள்ளவருக்கே மணிக்கட்டு நசுக்கமும் மிகுதியாக வருவதால், இரண்டும் ஒரே கையில் கூடியிருப்பதும் உண்டு. அந்நிலையிலும் பொது நலிவுக்கு மேற்பட்ட தனித் தாமதத்தை இந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்கிறது.

சோதனையை ஏமாற்றும் காரணிகளில் முதலாவது குளிர். தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் நரம்பின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறைகிறது; ஆகவே குளிரூட்டப்பட்ட அறையில் அரை மணி நேரம் காத்திருந்த கையை அப்படியே சோதித்தால், இல்லாத நோயை எண்கள் உண்டாக்கிவிடும். கையின் தோல் 32 டிகிரிக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பதால், குளிர்ந்த கையை வெந்நீரில் நனைத்தோ போர்த்தியோ சூடாக்கிய பிறகே நல்ல ஆய்வகங்கள் தொடங்குகின்றன. கையின் வெப்பநிலையைக் குறிப்பிடாத அறிக்கையைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

எண்களையே முடிவாகக் கொள்வதும் ஏமாற்றமே. ஸ்வீடனின் தென்பகுதியில் இசாம் அத்ரோஷியும் பிறரும் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், வினாக்களுக்கு விடையளித்த 2,466 பேரில் 14.4 விழுக்காட்டினர் நடு நரம்பு பரவும் பகுதியில் வலியோ மரப்போ இருப்பதாகக் கூறினர். மருத்துவர் பரிசோதனையும் மின்சோதனையும் ஒருங்கே ஒப்புக்கொண்டவர்களைக் கணக்கிட்டபோது அது 2.7 விழுக்காடாகச் சுருங்கியது. அதைவிட முக்கியமான செய்தி, எந்தத் தொல்லையும் இல்லாத 125 பேரைச் சோதித்ததில் 23 பேருக்கு நடு நரம்பின் தாமதம் தென்பட்டது என்பது. மறுபுறம், நோய்க்குறிகள் தெளிவாக உள்ளவர்களில் பத்துக்கு ஒன்றிரண்டு பேருக்காவது சோதனை இயல்பாகவே அமைகிறது. ஏனெனில் தடித்த, விரைந்த இழைகளை மட்டுமே அது அளக்கிறது, வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் அதன் கணக்கில் வருவதில்லை. ஆகவே தொல்லை இல்லாதவரை எண்ணை மட்டும் காட்டி அறுவைக்கு அனுப்புவதும், இரவெல்லாம் கையை உதறுபவரை எண் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவதும் இரண்டுமே சோதனையைத் தவறாகப் படித்தல்.

ஐயம் நீடிக்குமிடத்தில் மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி அதன் மின்னோசையைக் கேட்கும் சோதனை துணைநிற்கிறது. கழுத்தில் நரம்பு வேர் அழுந்தியிருந்தால், கட்டை விரல் சதையோடு மேற்கைத் தசைகளிலும் அதன் தடயம் கிடைக்கும். நம் பகுதியில் மருத்துவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று தொழுநோய். 2005இல் அது இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டாலும் அறவே போய்விடவில்லை. உணர்வற்ற வெளிர்ந்த படையும், முழங்கையில் தடித்துத் தட்டுப்படும் அல்நார் நரம்பும் இருந்தால், மணிக்கட்டை வெட்டுவதற்கு முன் அதைத் தீர விசாரிக்க வேண்டும்.

சோதனையின் மற்றொரு பயன் நோயின் அளவைச் சொல்வது. உணர்வு நரம்பில் மட்டும் தாமதம் என்றால் இலேசு, தசைக்குச் செல்லும் நரம்பிலும் தாமதம் என்றால் நடுத்தரம், உணர்வுத் துடிப்பே மறைந்தோ தசைத் துடிப்பு தேய்ந்தோ போனால் கடுமை என்பது பொதுவான பாகுபாடு. இங்கிலாந்தின் ஜெரமி பிளாண்ட் 2000இல் இதையே பூச்சியம் முதல் ஆறு வரை படிகளாக்கினார். இலேசான நிலையில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் சில வாரங்கள் அணிவதும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசியும் போதும். கடுமையான நிலையில் நார்ப்பட்டையைப் பிளந்துவிடும் சிறிய அறுவையே வழி. கையை மட்டும் மரக்கச்செய்து அதைச் செய்துவிடலாம். இரவுத் தொல்லை விரைவில் நீங்கும். ஆனால் வற்றிய சதை முழுமையாகத் திரும்பும் என்று எவரும் உறுதி கூற இயலாது. கர்ப்ப காலத்தில் வரும் மரப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே அடங்குவதால், அதற்கு அவசரம் வேண்டியதில்லை.

1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியை வேராகக் கொண்ட ஜிப்மர், 2016 முதல் காரைக்காலிலும் மருத்துவக் கல்லூரி நடத்துகிறது என்றாலும், அம்பகரத்தூர் மக்கள் சிறப்பு மருத்துவத்துக்குப் புதுச்சேரியையோ தஞ்சாவூரையோ நாடுவது இன்னும் வழக்கம். மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நரம்பியல் துறை மட்டுமன்றி உடலியங்கியல் துறையும் இச்சோதனையைச் செய்வதால், எங்கே செய்கிறார்கள் என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு செல்வது வீண் அலைச்சலைக் குறைக்கும். சோதனை நாளில் கையில் எண்ணெயோ களிம்போ பூசக்கூடாது. மோதிரமும் வளையலும் கழற்ற எளிதாக இருக்க வேண்டும். பட்டினி கிடக்கவோ சர்க்கரை மாத்திரையை நிறுத்தவோ தேவையில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரத்த கையோடு நன்றாக உள்ள கையையும் சோதிக்கச் சொல்வது நல்லது. நன்றாக உள்ளதாகத் தோன்றும் கையிலும் பல நேரங்களில் நோய் தொடங்கியிருக்கும். வெற்றிகரமான அறுவைக்குப் பிறகும் எண்கள் முழுமையாக இயல்புக்குத் திரும்பாமல் இருப்பது சாதாரணம் என்பதால், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் மரப்பு வரும்போது முதல் அறிக்கை கையில் இல்லாவிட்டால் பழைய தழும்பையும் புதிய நசுக்கத்தையும் மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே அந்தத் தாளை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.